தவணை அட்டையில் நிலா

ஒமேனா மீன்
விரல் நீளம்கூட இருக்காது.
கணக்கு நோட்டில் மட்டும் அதற்குப் பெரிய வாய்.

எட்டாம் வகுப்பைத் தொட்டுத் திரும்பியவள் என்பதால்
பேனா என்னிடம் வந்தது.
பதினான்கு பேர், ஒரு தகரப்பெட்டி, மூன்று பூட்டு.
ஒரு சாவி அஜ்வாங்கின் துணி முடிச்சில்.
ஒன்று அமோண்டியின் மாவு டின்னுக்குள்.
மூன்றாவதை வைத்திருப்பவள் யாரென்று
அவள் கணவனுக்கே தெரியாது.

பயிற்சி தர வந்தவள் பெயர் நாசிமியு.
பச்சைச் செருப்பு, ஜலதோஷம் பிடித்த குரல்.
கரும்பலகை இல்லை.
கரையில் கவிழ்த்திருந்த பழைய படகின் அடிவயிற்றில்
சுண்ணக்கட்டியால் நடுக்கோடு இழுத்து
"இந்தப் பக்கம் செலவு, சொல்லுங்கள்" என்றாள்.

சொன்னோம்.
மீன் விலை. சாக்கு. மட்டாட்டு வண்டிக் கூலி.
காயப்போட்ட வலையிலிருந்து
மொட்டைத்தலை நாரைகள் தின்றுபோனது.
"அதையுமா?"
"அதையும்தான். வரி என்று எழுது."
உங்கள் உடம்பு உழைத்ததற்கு? என்று கேட்டாள்.
சிரித்தோம்.
சிரித்து முடித்த பிறகு
யாரும் யாரையும் பார்க்கவில்லை.

விடியலில் முதல் கூடையைப்
படகுக்காரன் எவளுக்குத் தருவான்,
எதற்குத் தருவான் என்பது
கரை முழுக்கத் தெரிந்த சங்கதி.
அதற்கு எந்த நோட்டிலும் கட்டம் கிடையாது.

அபோண்டி எழுந்து போனாள்.
சுண்ணக்கட்டியை வாங்கிச்
செலவுப் பக்கத்தில் ஒரு வரி இழுத்தாள்.
தொகை எழுதவில்லை.
நாசிமியு அதை அழிக்கவில்லை,
கூட்டவும் இல்லை.

கடன் வந்ததும் வாங்கியது
அந்தப் படகையேதான்.
ஏரியில் இறக்கிய முதல் நாள்
செலவுப் பக்கம் முழுவதும் தண்ணீரில் கரைந்தது.
இப்போது ஆண்களுக்குக் கூலி நாங்கள் கொடுக்கிறோம்.
சிலர் முகம் கொடுப்பதில்லை.
கூலியை எண்ணி வாங்கிக்கொள்கிறார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால்
படம் பிடித்துப்போக வருகிறவர்களுக்கு வசதியாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை தவறாமல் வரும்.
மீன் அப்படி வராது.
ஒமேனா, இருட்டில் விளக்கைத் தேடி வரும் சாதி.
நிலா முழுதாய் எரியும் இரவில்
ஏரி முழுக்க ஒரே விளக்கு,
எங்கள் விளக்கை யார் மதிப்பார்கள்?

முதல் பௌர்ணமித் தவணைக்கு
அஜ்வாங்கின் ரேடியோ போனது.
அடுத்ததில் அமோண்டி வெறுங்கையோடு வந்தாள்.
அவள் பங்கையும் சேர்த்துக் கட்டினோம்.
ஒருத்தி மட்டும் அதற்குப்பின் ஒரு மாதம்
அவளோடு பேசவே இல்லை.
அந்த ஒருத்தி நான்.

கடன் அதிகாரி நல்ல பையன்.
கையில் வைத்திருந்த திரையைத் திருப்பிக் காட்டி
"இதில் நிலாவுக்கு இடம் இல்லை, அம்மா" என்றான்.
அபோண்டி தவணை அட்டையைப் பிடுங்கினாள்.
விளக்குக் கரியை விரலில் தொட்டு
மாதத்துக்கு ஒரு வியாழன்மேல் வட்டம் போட்டாள்.
"இந்த நாட்களில் ஏரி சாத்திய கடை.
இருட்டு வாரத்தில் சேர்த்துத் தருகிறோம்.
உன் மேலாளரிடம் சொல்,
கடன் தருகிறவருக்கும் பயிற்சி தேவை."

பத்து மாதம் ஆயிற்று.
நான் எழுதிய கடிதங்கள் ஐந்து,
அவற்றில் இரண்டு கொஞ்சம் மரியாதை குறைந்தவை.

போன வாரம் புது அட்டை வந்தது.
சில வியாழன்களுக்கு எதிரே
தொகைக்குப் பதில் ஒரு சின்ன வட்டம்,
அச்சில் லேசாய் நசுங்கி.

இன்று அப்படி ஒரு வியாழன்.
படகு கரையில் கவிழ்ந்து கிடக்கிறது.
விளக்குகளுக்கு இன்னும் ஆறு தவணை பாக்கி.
அமோண்டி வறுத்த கடலை கொண்டுவந்தாள்,
எனக்கும் ஒரு பிடி அள்ளிக் கொடுத்தாள்.
நிலா வெளிச்சத்தில்
நோட்டைத் திறக்காமலே உட்கார்ந்திருக்கிறேன்.